ஊர்ப் பள்ளி, காலனிப் பள்ளி, வேன் பள்ளி

சேர்க்கைக் காலம் வந்துவிட்டால் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் துண்டறிக்கையும் பதாகையுமாகத் தெருவுக்கு வருகிறார்கள். விலையில்லாப் பாடநூல், சீருடை, காலை உணவு, மதிய உணவு, உயர்கல்வியில் 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு என்று எல்லாவற்றையும் சொல்லிப் பிள்ளைகளைக் கூப்பிடுகிறார்கள். ஊர்த் தெருவில் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறார்கள். மறுநாள் காலை அதே தெருவில் மஞ்சள் வேன் வந்து நின்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறது. இப்போது அந்த வேன் காலனி முனையிலும் வந்து நிற்கிறது.

பிறகு அதிகாரிகள் கணக்கு எடுக்கிறார்கள். எந்தப் பள்ளியில் எத்தனை தலை? குறைந்த தலை உள்ள பள்ளிக்கு முதலில் ஒரு வாக்கியம் தயாராகிறது: தரம் இல்லை, அதனால் பிள்ளைகள் வரவில்லை. சில ஆண்டு கழித்து இரண்டாவது வாக்கியம் வருகிறது: பிள்ளைகள் இல்லை, அதனால் பள்ளி வேண்டாம். இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் சாதி என்ற சொல் எங்காவது வருகிறதா என்று தேடிப் பாருங்கள். வராது. கோப்பில் 'மக்கள்தொகைக் குறைவு' இருக்கும், 'ஆங்கில மோகம்' இருக்கும், 'பெற்றோர் விருப்பம்' இருக்கும். சாதி மட்டும் இருக்காது.

2025இல் தமிழ்நாட்டில் 200க்கும் மேற்பட்ட அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு பிள்ளைகூட இல்லை என்று அரசே சொன்னது. பிறப்பு விகிதம் குறைந்திருக்கிறது, வேலை தேடிக் குடும்பங்கள் நகரத்துக்குப் போகின்றன என்று காரணமும் சொன்னது. இரண்டும் பொய் இல்லை. ஆனால் ஓர் ஊரில் பிள்ளைகள் குறையும்போது எந்தப் பள்ளி முதலில் காலியாகிறது, எந்தப் பள்ளி கடைசிவரை நிற்கிறது என்பதைப் பிறப்பு விகிதம் தீர்மானிப்பதில்லை. அதைத்தான் நாம் பேச வேண்டும்.

பழைய தென்னார்க்காட்டை எடுத்துக்கொள்வோம். இன்றைக்குக் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி என்று மூன்று மாவட்டங்கள். கள்ளக்குறிச்சி 2019இல் பிரிந்தது. அதற்கு முன் எடுத்த 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி கடலூர், விழுப்புரம் இரண்டு மாவட்டங்களிலுமே பட்டியல் சாதியினர் சுமார் 29 விழுக்காடு. தமிழ்நாடு முழுக்க 20 விழுக்காடு. எழுத்தறிவில் தமிழ்நாடு 80 விழுக்காட்டில் இருந்தபோது விழுப்புரம் 72 விழுக்காட்டில் இருந்தது. கரும்பு, நெல், முந்திரி, அதில் கூலி. கூலிக்குப் போகிறவர்களில் நம்ம ஆட்கள் நிறைய. இந்த மண்ணில்தான் பள்ளிக்கூடம் என்றால் என்ன என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இங்கே கொஞ்சம் பெரிய ஊர் எதை எடுத்தாலும் மூன்று பள்ளிக்கூடம் தெரியும். ஒன்று, ஊருக்குள் இருக்கும் ஊராட்சி ஒன்றியப் பள்ளி. ஜனங்கள் வாயில் யூனியன் பள்ளிக்கூடம். இரண்டு, காலனியில் இருக்கும் ஆதிதிராவிடர் நலப் பள்ளி. காலனிப் பள்ளிக்கூடம் என்பார்கள். பழைய ஆட்கள் இன்னும் 'அரிசன பள்ளிக்கூடம்' என்கிறார்கள். மூன்று, நெடுஞ்சாலை ஓரத்திலோ பக்கத்து டவுனிலோ இருக்கும் தனியார் நர்சரி, மெட்ரிக் பள்ளி. அதற்குப் பெயர் எதுவானாலும் வேன்தான் அடையாளம்.

யார் எங்கே போகிறார்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். காலனிப் பள்ளியில் சட்டப்படி எந்தச் சாதிப் பிள்ளையும் சேரலாம். ஊர்க்காரர் அனுப்ப மாட்டார். யூனியன் பள்ளியில் நம் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அதற்காக ஒரு காலத்தில் அடி வாங்கியிருக்கிறோம். நம் பிள்ளைகள் கால்வாசி இருக்கும்வரை ஊர்க்காரர் பொறுத்துக்கொள்கிறார். பாதியைத் தொட்டதும் வேன் வருகிறது. "அங்க எல்லாம் காலனிப் புள்ளைங்கதாங்க படிக்குது" என்று ஒரு வரி டீக்கடையில் விழுகிறது. அந்த வரிக்குப் பிறகு அந்தப் பள்ளியின் கட்டடம், கரும்பலகை, ஆசிரியரின் படிப்பு எதுவும் செல்லாது. ஒரே ஆண்டில் ஒரு நல்ல பள்ளி 'தரம் கெட்ட' பள்ளியாகிவிடுகிறது. ஆசிரியர் மாறவில்லை, பாடநூல் மாறவில்லை. பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிறவன் யார் என்பதுதான் மாறியிருக்கிறது.

இப்படிச் சாதி வெளியேற்றிய பிறகு மிச்சத்தைச் சட்டம் பார்த்துக்கொள்கிறது. எப்படி என்பதைத் தோழர்கள் கணக்காகவே தெரிந்துகொள்ள வேண்டும்.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது. 61 முதல் 90 வரை மூன்று. 91 முதல் 120 வரை நான்கு. 120ஐத் தாண்டினால்தான் ஐந்து. ஆண்டுதோறும் ஆகஸ்ட் முதல் தேதி நிலவரப்படி தலையை எண்ணிப் பணியிடத்தை நிர்ணயிக்கிறார்கள். தலை குறைந்தால் ஆசிரியர் 'உபரி' ஆகிறார். பணிநிரவல் என்று சொல்லி வேறு ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். ஓர் ஊரில், காலனியும் சேர்த்து, ஆண்டுக்கு 25 பிள்ளைகள் ஒன்றாம் வகுப்புக்கு வருகிறார்கள். எல்லோரும் ஒரே அரசுப் பள்ளியில் சேர்ந்தால் ஐந்து வகுப்புக்கும் 125 பிள்ளைகள். சட்டப்படி ஐந்து ஆசிரியர். வகுப்புக்கு ஒருவர்.

இப்போது சாதி இந்தப் பிள்ளைகளைப் பிரிக்கிறது. 13 பேர் வேனில், 6 பேர் யூனியன் பள்ளியில், 6 பேர் காலனிப் பள்ளியில். யூனியன் பள்ளியில் மொத்தம் 30, இரண்டு ஆசிரியர். காலனிப் பள்ளியில் 30, இரண்டு ஆசிரியர். ஐந்து வகுப்பை இரண்டு பேர் பார்க்க வேண்டும். அதில் ஒருவர் கூட்டத்துக்குப் போய்விட்டார், வாக்காளர் பட்டியல் வேலைக்குப் போய்விட்டார், எமிஸில் பதிவு போட்டுக்கொண்டிருக்கிறார் என்றால், ஐந்து வகுப்புக்கும் சேர்த்து ஒரே ஆள். ஒரே அறையில் ஒன்றாம் வகுப்பு அ, ஆ எழுதும். ஐந்தாம் வகுப்பு பின்னம் போடும். வேன் பள்ளியில் 65 பிள்ளைகளுக்கு ஐந்து 'மிஸ்' இருக்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் அற்பம். பயிற்சி பெற்றவர்களா என்று யாரும் கேட்பதில்லை. ஆனாலும் வகுப்புக்கு ஒருவர். கூலிக்குப் போகிற நம் அக்காளுக்கு இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது. "அங்க ஒவ்வொரு கிளாசுக்கும் ஒரு டீச்சர் இருக்குது, இங்க ஒரே டீச்சர் எல்லாத்தையும் மேய்க்குது" என்கிறாள். அவள் சொல்வது ஆங்கில மோகம் அல்ல. நேராகப் பார்த்ததைச் சொல்கிறாள்.

ஆக, முதலில் சாதி பிள்ளைகளைக் குறைக்கிறது. பிள்ளை குறைந்ததால் விதி ஆசிரியரைக் குறைக்கிறது. ஆசிரியர் குறைந்ததால் தரம் குறைகிறது. தரம் குறைந்ததால் மிச்சப் பிள்ளைகளும் போகிறார்கள். கடைசியில் அதிகாரி வந்து எண்ணிப் பார்த்துவிட்டுப் பெற்றோர் இந்தப் பள்ளியை நிராகரித்துவிட்டார்கள் என்று எழுதுகிறார். நிராகரித்தது யாரை? பள்ளியையா, நம்மையா?

'தரம்' என்ற சொல்லையும் கொஞ்சம் உரசிப் பார்ப்போம். 2018ஆம் ஆண்டு ஏசர் ஆய்வு, தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தைப் படிக்கச் சொல்லிச் சோதித்தது. அதில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் தனியார் பள்ளிப் பிள்ளைகளைவிட மேலே இருந்தார்கள். சோதித்தது தமிழில், தனியார் பள்ளியில் படிப்பு ஆங்கிலத்தில் என்று சமாதானம் சொல்லலாம். இருக்கட்டும். தாய்மொழியில் ஒரு பத்தி படிக்கத் தெரியாமல் ஆக்கியதற்குப் பெயரும் தரமா? வேன் பள்ளி விற்பது டை, ஷூ, ஆங்கிலத்தில் நாலு பாட்டு. அதோடு சேர்த்து இன்னொன்றும் விற்கிறது. "உங்க புள்ள பக்கத்துல காலனிப் புள்ள உக்காராது" என்ற உறுதிமொழி. விளம்பரத் தட்டியில் இது எழுதப்படுவதில்லை. எழுதாமலே எல்லோரும் படித்துவிடுகிறார்கள்.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காட்டைப் போட்டு ஒப்பிடுவது இன்னொரு ஏமாற்று. ஒன்பதாம் வகுப்பில் மார்க் குறைந்த பிள்ளைக்கு டி.சி. கொடுத்து வெளியே தள்ளுகிற பள்ளிகள் இருக்கின்றன. அந்த டி.சி.யை வாங்கிக்கொண்டு அந்தப் பிள்ளை எங்கே வருகிறது? அரசுப் பள்ளிக்கு, ஆதிதிராவிடர் நலப் பள்ளிக்கு. வடிகட்டிய தண்ணீரையும் ஏரித் தண்ணீரையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து எது தெளிவு என்று கேட்பதா ஒப்பீடு?

பணம்தான் இந்த வேனை ஓட்டுகிறது என்பதற்குச் சாட்சி கண் முன்னாலேயே கிடைத்தது. 2020, 2021 ஆண்டுகளில் கொரோனா வந்து வருமானம் போனபோது தனியார் பள்ளியிலிருந்து லட்சக்கணக்கில் பிள்ளைகள் அரசுப் பள்ளிக்கு வந்தார்கள். அதற்கு முந்தின மாதம்வரை 'தரம் கெட்டிருந்த' பள்ளி திடீரென்று யோக்கியமாகிவிட்டது. வந்த பிள்ளைகளைத் தக்கவைக்க அது நல்ல நேரம். வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்று அன்றைக்கு நியமித்திருந்தால் பாதிப் பேர் அங்கேயே நின்றிருப்பார்கள்.

இன்னொரு பக்கம், வேன் பள்ளி மூன்று வயதிலேயே பிள்ளையைப் பிடித்துக்கொள்கிறது. அரசு தன் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியதே 2019இல்தான். அதுவும் தமிழ்நாடு முழுக்க 2,381 இடங்களில் மட்டும். மற்ற ஊர்களில் யூனியன் பள்ளி ஐந்து வயதுப் பிள்ளையைத் தேடிப் போகும்போது அந்தப் பிள்ளை இரண்டு வருடமாக வேனில் போய்க்கொண்டிருக்கிறது. இதற்கு மேல் தனியார் பள்ளியில் 25 விழுக்காடு இடத்துக்கு அரசே கட்டணம் கட்டுகிறது. ஏழைப் பிள்ளைக்கு ஒரு வாசல் திறக்கிறது என்று அதை ஆதரிக்கிற தோழர்கள் உண்டு. திறந்த வாசல் வழியாக யூனியன் பள்ளியின் பிள்ளையும் போகிறது, அதன் பின்னாலேயே ஆசிரியர் பணியிடமும் போகிறது. அந்த வாசலும் நிலையானது இல்லை. ஒன்றிய அரசு நிதி தராத 2025-26 கல்வியாண்டில் சேர்க்கையே மாதக்கணக்கில் தள்ளிப்போனது.

காலனிப் பள்ளிக்கு வருவோம். தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் 1,100க்கும் மேல். அவற்றில் 800க்கும் மேற்பட்டவை தொடக்கப் பள்ளிகள். இவை எப்படி வந்தன என்பதை இளைய தோழர்கள் மறக்கக் கூடாது. அக்கிரகாரத்திலும் ஊர்த் தெருவிலும் சத்திரத்திலும் இருந்த பள்ளிகள் நம் பாட்டன்களை வாசலில் நிறுத்தின. அதனால் 1893இல் சென்னை மாகாண அரசு பஞ்சமர் கல்விக்கென்று தனி ஆணை போட வேண்டி வந்தது. 1920ஐ ஒட்டி உருவான தொழிலாளர் துறை சேரிகளில் பள்ளி நடத்தத் தொடங்கியது. அந்த வரிசையின் இன்றைய பெயர்தான் ஆதிதிராவிடர் நலப் பள்ளி. தனிப் பள்ளி வேண்டும் என்று நாம் கேட்டு வாங்கவில்லை. அவர்கள் சேர்க்க மறுத்ததால் வந்தது.

இந்தத் தென்னார்க்காட்டு மண்ணிலேயே சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கினார். நந்தனாரை உள்ளே விடாத ஊரில் நந்தனார் பெயரில் பள்ளிக்கூடம்! அங்கிருந்து படித்து வந்தவர்கள் ஆசிரியர்களானார்கள், அலுவலர்களானார்கள், தலைவர்களானார்கள். காட்டுமன்னார்கோயில் பக்கம் இளையபெருமாள் பள்ளிப் பையனாக இருந்தபோது நம் பிள்ளைகளுக்கென்று வைத்த தனித் தண்ணீர்ப் பானையை உடைத்தார் என்று சொல்வார்கள். அவர் தலைமையில் 1965இல் அமைந்த குழுதான் தீண்டாமையையும் நம் மக்களின் கல்வி, பொருளாதார நிலையையும் இந்தியா முழுக்க ஆராய்ந்து 1969இல் அறிக்கை தந்தது. ஒருவர் தனிப் பள்ளி கட்டினார். இன்னொருவர் பொதுப் பள்ளியில் தனிப் பானையை உடைத்தார். இரண்டும் ஒரே போராட்டம்தான்.

அப்படி வந்த பள்ளிகளை அரசு எப்படி வைத்திருக்கிறது? பாடம் பள்ளிக் கல்வித் துறையுடையது. ஆசிரியர் நியமனம், கட்டடம், நிர்வாகம் நலத் துறையுடையது. மேலே இருப்பவர்கள் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலரும் தனி வட்டாட்சியரும். பட்டா, வீட்டுமனை, நில எடுப்பு பார்க்கிற வருவாய்த் துறை வழியில் வந்தவர்களுக்கு மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஏன் கழித்தலில் தடுமாறுகிறது என்று எப்படித் தெரியும்? ஊர்ப் பள்ளியைப் பார்க்க வரும் வட்டாரக் கல்வி அலுவலரின் வண்டி காலனித் திருப்பத்தில் நிற்காமல் போய்விடுகிறது. ஒழுகும் கூரைக்கு ஒரு துறையிடம் மனு, பாடநூலுக்கு இன்னொரு துறையிடம் மனு. நலத் துறை என்று பெயர். யாருடைய நலம்?

2023-24 நிதிநிலை அறிக்கையில், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் உள்ளிட்ட பல துறைப் பள்ளிகளையும் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவருவதாக அரசு அறிவித்தது. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு தலித் மாணவனை உடன் படிக்கும் ஆதிக்கச் சாதி மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கையும் பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் வேண்டாம், எல்லாம் ஒரே துறையின் கீழ் இருக்கட்டும் என்றது. 2025இல் விடுதிகளுக்குச் 'சமூக நீதி விடுதி' என்று பெயர் மாற்றினார்கள்.

இதில் நம் தோழர்களிடையே இரண்டு கருத்து இருக்கிறது. "பெயர்ப் பலகையிலயே சாதிய எழுதி வச்சிக்கிட்டு எத்தனை காலம்? இணைச்சிடட்டும்" என்கிறார்கள் ஒரு சாரார். "பள்ளிக்கூட இடம் நம்மளுது, கட்டடம் நம்ம பேர்ல வந்த காசு, வேலை நம்ம ஆளுங்களுக்குக் கிடைச்ச வேலை. இணைச்சா எல்லாம் போயிடும்" என்கிறார்கள் இன்னொரு சாரார். இரண்டு பேருமே நியாயம்தான் பேசுகிறார்கள். தனிப் பள்ளி நிரந்தரமாக இருக்க வேண்டும் என்று நாம் ஒருபோதும் சொன்னதில்லை. ஆனால் எந்த நிபந்தனையில் இணைப்பு என்பதில் ஏமாறக் கூடாது.

மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள். யூனியன் பள்ளியில் 30, காலனிப் பள்ளியில் 30. இரண்டிலும் சேர்த்து நான்கு ஆசிரியர். துறையை இணைத்துவிட்டு, அடுத்த ஆண்டு 'அருகருகே இரண்டு பள்ளி எதற்கு' என்று கட்டடத்தையும் இணைத்தால் பிள்ளைகள் 60. விதிப்படி ஆசிரியர் இரண்டு பேர். சாதி ஒழிந்ததோ இல்லையோ, இரண்டு ஆசிரியர் பணியிடம் ஒழிந்தது. இந்தச் சிக்கனத்துக்குச் சமத்துவம் என்று பெயர் வைத்து நம்மிடம் கையெழுத்து வாங்கப் பார்ப்பார்கள். மூடுவது எந்தப் பள்ளியாக இருக்கும்? ஊர்ப் பிள்ளைகள் காலனிக்கு நடந்து வரப்போகிறார்களா? நம் பிள்ளைகள்தான் ஊர்த் தெரு வழியாக நடக்க வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளை, பிரதான சாலையைத் தாண்டி.

நடந்து போய்ச் சேர்கிற இடத்தில் என்ன காத்திருக்கிறது? 2022இல் ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் தலித் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவவைத்ததற்காகத் தலைமையாசிரியை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கைதானார். 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி வட்டத்தில் அருந்ததியர் பெண் சமைத்தால் பிள்ளைகள் சாப்பிடாது என்று ஊர் எதிர்த்தது. அதிகாரிகள் ஊரைக் கண்டிக்கவில்லை, அந்தப் பெண்ணை இடமாற்றினார்கள். போராடிய பிறகே உத்தரவு ரத்தானது. வழக்கில் தண்டனை வர 2025 ஆயிற்று. 2023இல் காலை உணவுத் திட்டம் விரிவான உடனே கரூர் மாவட்டத்தில் அதே கதை. அங்கே மாவட்ட ஆட்சியரே நேரில் போய் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. இவை செய்தியாக வந்தவை. செய்தியாகாமல் தட்டைத் தனியே கழுவுகிற பிள்ளைகள் எத்தனை பேர் என்று எமிஸில் பதிவாவதில்லை.

சேர்க்கைக் கணக்கிலேயே இன்னொரு பொய்யும் இருக்கிறது. பதிவேட்டில் இருக்கிற பிள்ளை பள்ளியில் இருக்கிறதா? பொங்கல் முடிந்ததும் இந்த மூன்று மாவட்டங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாகச் செங்கல் சூளைக்குப் போகிறார்கள். முன்பணம் வாங்கியவர்கள் பிள்ளையை விட்டுவிட்டுப் போக முடியாது. கரும்பு வெட்டப் போகிறவர்களும் அப்படித்தான். இருளர் குடும்பங்களின் பாடு அதைவிட மோசம். சாதிச் சான்றிதழுக்கே வருடக்கணக்கில் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடக்கிறார்கள். சான்றிதழ் இல்லாத பிள்ளை எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆனால் பதிவேட்டில் அந்தப் பிள்ளை 'வருகை'. சேர்க்கை நூறு விழுக்காடு என்று அமைச்சர் அறிவிக்கிறார். நூறில் எத்தனை சூளையில் கல் அறுத்துக்கொண்டிருக்கிறது?

எனவே நம் நிலைப்பாட்டைத் தெளிவாக வைப்போம். ஒரே துறை வரட்டும். பெயர்ப் பலகையிலிருந்து சாதி போகட்டும். ஆனால் அதற்கு முன்னால் நான்கு விஷயங்கள் வாய்ப்பேச்சாக இல்லாமல் அரசாணையாக வர வேண்டும். ஒன்று, தொடக்கப் பள்ளியில் தலையை எண்ணாதே, வகுப்பை எண்ணு. பிள்ளை பத்தானாலும் ஐம்பதானாலும் வகுப்புக்கு ஓர் ஆசிரியர். இரண்டு, இணைப்பின் பேரால் ஒரு பணியிடமும் குறையக் கூடாது, காலனியில் உள்ள ஒரு பள்ளியும் மூடப்படக் கூடாது. இணைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் நல்ல பொதுப் பள்ளியைக் காலனி இடத்தில் கட்டு. ஊர் அங்கே வரட்டும். மூன்று, நலப் பள்ளிகளின் நிலமும் கட்டடமும் பணியிடமும் எவை எவை என்று பட்டியலிட்டு, அவை வேறு காரியத்துக்குப் போகாது என்று உறுதி கொடு. துணைத்திட்ட நிதிக்கென்று 2024இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். அந்த நிதியில் பள்ளிக்கு எவ்வளவு என்று சொல். நான்கு, பள்ளியில் தீண்டாமை நடந்தால் தலைமையாசிரியர் மட்டுமல்ல, கண்டும் காணாமல் இருந்த மேலதிகாரியும் பதில் சொல்ல வேண்டும்.

இதை மனுவாக எழுதிக் கொடுத்தால் குப்பைக் கூடைக்குப் போகும். கையில் கணக்கோடு போக வேண்டும். மாணவத் தோழர்களே, விடுமுறையில் உங்கள் ஊருக்குப் போகிறீர்கள். இரண்டு பேர் சேர்ந்தால் மூன்று நாளில் முடிகிற வேலை. ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு யூடைஸ் எண் இருக்கிறது. அதை வைத்துச் சேர்க்கை, ஆசிரியர் எண்ணிக்கை, கழிப்பறை விவரங்களை எவரும் எடுக்கலாம். எடுத்துவிட்டு நேரில் போய்ச் சரிபாருங்கள். மூன்று பள்ளியிலும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள்:

1. ஐந்து ஆண்டுக்கு முன் எத்தனை பிள்ளைகள், இன்று எத்தனை? குறைந்தவர்கள் எந்தத் தெருப் பிள்ளைகள்?

2. அனுமதித்த பணியிடம் எத்தனை, நிரப்பியது எத்தனை, நீங்கள் போன அன்று வகுப்பில் இருந்தவர்கள் எத்தனை பேர்?

3. கல்வி அலுவலர் கடைசியாக எப்போது வந்தார்? பார்வைப் பதிவேட்டில் என்ன எழுதினார்?

4. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை தமிழ்ப் பாடத்தில் ஒரு பத்தியைத் தட்டாமல் படிக்கிறதா? இதை வேன் பள்ளிப் பிள்ளையிடமும் கேளுங்கள்.

5. கழிப்பறையை யார் கழுவுகிறார்கள்? சமைப்பது யார்? சாப்பிடாமல் எழுந்து போகிற பிள்ளை உண்டா?

6. பிப்ரவரி, மார்ச்சில் வராத பிள்ளைகள் எங்கே போனார்கள்?

7. பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் பெற்றோர் எத்தனை பேர்? கூட்டத்தில் பேசுகிறார்களா, கையெழுத்து மட்டும் போடுகிறார்களா?

கடைசிக் கேள்வி முக்கியம். அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், நலிந்த பிரிவினருக்கு உரிய பங்கு இருக்க வேண்டும் என்பது சட்டம். பாதிப் பேர் பெண்கள். ஊர் வேனில் ஏறிப் போன பிறகு யூனியன் பள்ளியில் பெரும்பான்மை நாம்தான். அப்படியானால் குழுவிலும் பெரும்பான்மை நாம்தானே? ஊரை விட்டு அவர்கள் வெளியேறிய ஒரே பொது இடம் அந்தப் பள்ளிக்கூடம். கோயிலை விடவில்லை, குளத்தை விடவில்லை, சுடுகாட்டை விடவில்லை. பள்ளியை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். எடுத்துக்கொள்வோம். நம் அக்காமார் தலைவராக உட்கார்ந்து தீர்மானம் போடட்டும். அதையே கிராம சபையிலும் வைப்போம்.

வேனில் பிள்ளையை ஏற்றுகிற நம் கூலிக்காரத் தாயைக் குற்றம் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. களை எடுத்த காசை அவள் கட்டுகிறாள். வகுப்புக்கு ஓர் ஆசிரியரைக் காட்டினால் அவள் நாளைக்கே திரும்புவாள். கேட்க வேண்டியது இடஒதுக்கீட்டில் வேலைக்குப் போய் டவுனில் வீடு கட்டிய நம்மவர்களைத்தான். காலனிப் பள்ளியில் படித்து மேலே வந்தவர்கள் அந்தப் பள்ளியின் கூரை ஒழுகுவது தெரியாத மாதிரி இருப்பது என்ன நியாயம்? பிள்ளையை அங்கே சேர்க்க முடியாவிட்டாலும் மாதம் ஒரு நாள் போய் நில்லுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். அதிகாரியின் பாஷை உங்களுக்குத் தெரியும், எங்கள் அக்காளுக்குத் தெரியாது.

பள்ளியில் பிள்ளை இல்லை என்று அடுத்த முறை எந்த அதிகாரியாவது எண்ணிக்கொண்டு வந்தால், எண்ணிய தாளோடு நாமும் எதிரில் நிற்போம். அவர் தலையை எண்ணியிருப்பார். நாம் நாற்காலியை எண்ணியிருப்போம். எத்தனை ஆசிரியர் நாற்காலி காலி, எத்தனை ஆண்டாகக் காலி, யார் காலி செய்தது? பதில் சொல்லிவிட்டுப் பூட்டைத் தொடட்டும்.